நெய்வேலியில் மட்டும் எட்டு புள்ளி ஒன்று

உலகம் முழுவதும் ஈர்ப்பு முடுக்கம், அதாவது ஜி, ஏறக்குறைய ஒன்பது புள்ளி எட்டு. நெய்வேலியில் மட்டும் எட்டு புள்ளி ஒன்று. கண்டுபிடித்தவள் நான்தான். (விருது ஏதும் வரவில்லை. இருந்த வாய்ப்பும் போனது.)

அப்பா சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. எங்கள் நிலமும் அந்தச் சுரங்கத்துக்குத்தான் போனது. அவருக்கு இன்னும் பர்மனென்ட் ஆகவில்லை. அதனால் டவுன்ஷிப் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆசிரியை வேலை, அதுவும் பர்மனென்ட், என்று என்னைக் கூப்பிட்டதுமே வீட்டில் அது கிடைத்துவிட்ட மாதிரிதான். அம்மா குவார்ட்டர்ஸ் ஜன்னலுக்கு ஸ்க்ரீன் துணியே எடுத்துவிட்டாள்.

மாதிரி வகுப்பு. தனி ஊசல் சோதனை. நூலில் தொங்கும் குண்டை ஆட்டிவிட்டு, இருபது அலைவுக்கு ஆகும் நேரத்தை ஸ்டாப்வாட்சில் பார்த்தால், ஊசலின் நீளத்தை வைத்து ஜி கணக்கிட்டுவிடலாம். கடைசி பெஞ்சில் தலைமையாசிரியை. நான் கம்பீரமாக "பதினொன்று, பன்னிரண்டு" என்று எண்ணிக்கொண்டிருந்தபோது சுரங்கத்தில் வெடி வைத்தார்கள்.

வழக்கமாக வைப்பதுதான். எங்கள் வீட்டில் வெடிச் சத்தம் கேட்டால் யாராவது ஓடிப்போய்ப் பாத்திர அலமாரியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சின்ன வயதிலிருந்து அது என் டூட்டி. ஆய்வகத்துக் கண்ணாடி அலமாரியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து நின்றேன். ஊசல் தன் பாட்டுக்கு இரண்டு அலைவு ஆடி முடித்தது. திரும்பி வந்து "பதிமூன்று" என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

விடை எட்டு புள்ளி ஒன்று.

"ஏம்மா இவ்ளோ கம்மியா வருது?" என்றார் தலைமையாசிரியை.

எண்ணிக்கை தவறிவிட்டது என்று சொல்லியிருந்தால் மறுபடி செய்யவிட்டிருப்பார். பயத்தில் வாய் வேறு சொன்னது.

"இங்க அடியில மண்ணையெல்லாம் தோண்டி எடுத்துட்டாங்க இல்லீங்களா மேடம், அதான் இழுவிசை கொஞ்சம் கம்மி."

"அப்போ மைன்ஸ்ல வேலை செய்றவங்கல்லாம் மிதக்கணுமேம்மா?"

பிள்ளைகள் சிரித்த சிரிப்புக்கும் யாராவது அலமாரியைப் பிடித்திருக்க வேண்டும்.

வேலை வேறொருவருக்குப் போனது. நான் பண்ருட்டியில் ஒரு தனியார் பள்ளியில், அப்பாவைப் போலவே கான்ட்ராக்டில் இருக்கிறேன். ஸ்க்ரீன் துணி தலையணை உறையாகிவிட்டது. வீட்டில் தம்ளர் கீழே விழுந்து உடையாமல் தப்பினால், "இங்கதான் ஜி கம்மியாச்சே" என்பாள் அம்மா.

அன்று நடந்ததைச் சொன்னபோது அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"நம்ம நெலம் இருந்த எடத்துலதாம்மா டூட்டி பாத்துகினு இருக்கேன். மெதந்துகினுதான் இருக்கேன்."

அதற்குப் பிறகு ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது அவர் போயிட்டு வரேன் என்று சொல்வதில்லை. "மெதந்துட்டு வரேம்மா" என்கிறார். அம்மா சிரிக்கிறாள். நானும் சிரித்துவைக்கிறேன்.