சாமியும் ஊதட்டும்

பசறையிலிருந்து லுணுகலைக்குப் புறப்பட்ட பஸ், அந்த ஞாயிற்றுக்கிழமை பாதி வழியிலேயே காலியாகிவிட்டது. இறங்கியவர்கள் எல்லோரும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு ஓடினார்கள். அங்கே மூச்சுச் சாமி எழுந்தருளியிருந்தார். எல்ல என்ற ஊரில் வெளிநாட்டவருக்கு யோகா நடத்தும் விடுதியொன்றில் வாசல் காத்தவர். வாசலில் நின்றே ஞானம் பெற்றுவிட்டார்.

சாமிக்கு ஸ்டெதஸ்கோப் வேண்டாம். ஒரு கிளாஸ் தண்ணீர், ஒரு ஸ்ட்ரோ போதும். ஊதிய தண்ணீர் தெளிவாக இருந்தால் இருதயம் நலம். பால் போல வெளுத்தால் தீபாவளியைப் பார்க்க மாட்டீர்கள். சாமியின் தைலத்தை வாங்கினால் ஒருவேளை பார்ப்பீர்கள்.

"வெளிநாட்டுல பெரிய டாக்டருங்களே இப்ப மூச்சப் பாத்துத்தான் இருதயத்துக்கு நாள் குறிக்கிறாங்க!" என்று மைக்கில் முழங்கினான் சீடன் தயாபரன்.

பொய்யிலும் ஒரு சிட்டிகை உண்மை இருந்தது. இருதயம் பலவீனமானவர்களின் மூச்சில் உள்ள சில வாயுக்களை அளந்து, நோய் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியுமா என ஆய்வுகள் நடக்கின்றன. ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சரிபார்த்துவிட்டு 'இருக்கலாம்' என்கிறார்கள். சாமி ஒரே ஊதலில் 'இருக்கு' என்றார். கூட்டத்துக்கு எது பிடிக்கும்?

கந்தப்பன் இருதய நோயாளி. போன வாரம் ஊதினார், வெளுத்தது. "இங்கிலீசு மாத்திரைதான் மூச்சக் கெடுக்குது, நிறுத்து" என்றார் சாமி. நிறுத்தினார். இப்போது கால்கள் வீங்கிவிட்டன. லயத்து வீட்டுப் படியேறவே மூச்சு முட்டியது. ஆனாலும் மறுபடி வந்திருந்தார். கூடவே, கிளினிக் மாத்திரைகளைப் பையில் வைத்துக்கொண்டு மனைவி நிரஞ்சலா.

"ஏங்க, நேரா பதுளை ஆஸ்பத்திரிக்குப் போவோம். காலப் பாருங்க."

"சும்மா இரு புள்ள. கெட்ட நீரு இறங்குதுனு சாமி சொல்லிருச்சு."

தயாபரன் ஒரு குடத்திலிருந்து கிளாஸில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தான். கந்தப்பன் ஊதினார். வெளுத்தது.

நிரஞ்சலா தலைக்கு மேலே தொங்கிய தராசைப் பார்த்தாள். வெறும் தராசின் முள் எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் இந்த மடுவத்தில் எந்தப் பெண்ணும் கொழுந்தை நிறுக்க விடுவதில்லை.

"சாமி, நல்ல மூச்சு எப்புடினு நாங்களும் பாக்கணும். நீங்க ஊதுங்க."

"சாமி மூச்சையே சோதிக்கிறியா?" என்று சீறினான் தயாபரன்.

"முள்ளக் காட்டச் சொன்னப்ப கொழுந்து நிறுக்குற கணக்கப்புள்ளயும் இப்புடித்தான் குதிச்சாரு!" என்றாள் கூட்டத்திலிருந்த விஜயலெட்சுமி. மடுவம் சிரித்தது. "ஊது சாமி, ஊது!"

சாமியின் கை பக்கத்திலிருந்த இன்னொரு குடத்துக்குப் போனது.

"அந்தக் கொடம் இல்ல சாமி. எங்க வீட்டுக்காரருக்கு ஊத்துன இந்தக் கொடம்."

வேறு வழியில்லை. ஊதினார். பாலாய் வெளுத்தது.

"அடப்பாவமே, சாமியும் தீபாவளிக்கு இல்லையா!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"உங்க நோவையெல்லாம் நான் வாங்கிக்கிட்டேன் தாயி" என்றார் சாமி.

நிரஞ்சலா மற்றக் குடத்துத் தண்ணீரைக் கணவனிடம் நீட்டினாள். கந்தப்பன் ஊதினார், இருமினார், மறுபடி ஊதினார். தண்ணீர் தெளிந்தே இருந்தது. கால்கள் வீங்கியே இருந்தன.

விஜயலெட்சுமி முதல் குடத்தின் அடியைத் துழாவினாள். விரலில் வெள்ளையாக ஒட்டி வந்தது. "அட, வெத்தலச் சுண்ணாம்பு!"

சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்த நீரில் உயிருள்ள யார் ஊதினாலும் வெளுக்கும். வெளுக்காவிட்டால்தான் பயப்பட வேண்டும்.

கந்தப்பன் தன் கால்களைக் குனிந்து பார்த்தார். "பதுளைக்கே போவோம் புள்ள."

அவரைச் சாமியின் வேனிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். சாமி கந்தப்பனுக்குச் செய்த ஒரே வைத்தியம் அதுதான். வார்டில் மாத்திரைகளை மறுபடி தொடங்கினார்கள். மெல்ல வீக்கம் வடிந்தது.

அரைக் கிலோ கொழுந்துக்காகத் தராசைச் சந்தேகப்படத் தெரிந்த நமக்கு, உயிரையே நிறுப்பவனிடம் மட்டும் முள்ளைக் காட்டச் சொல்ல என்ன கூச்சம்?