கண்ணாடியில் தெரிந்த பின்கதவு

திருட்டுப் போன பொருளைக் கண்டுபிடிக்க உலகத்தில் ஆயிரம் வழி இருக்கலாம். அந்தக் காவல் நிலையத்துக்குத் தெரிந்தது ஒரே வழிதான். எதிர்ப்பக்கம் போய், சைக்கிள் கடை மாடியேறி, கண்ணாடி ஐயாவைப் பார்ப்பது.

காலை ஏழு மணிக்கே மாடிப்படி நிரம்பி வழியும். வண்டியைத் தொலைத்தவர் இருப்பார். மோதிரத்தைத் தொலைத்தவர் இருப்பார். கணவனைத் தொலைத்த ஒரு அம்மாளும் இருந்தார். அவர் முகத்தில் மட்டும் அவ்வளவு அவசரம் தெரியவில்லை.

ஐயா கறுப்புத் துணி விரித்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். கையில் முகம் மழிக்கிற வட்டக் கண்ணாடி. அதை ஊதுவார், துடைப்பார், மறுபடி ஊதுவார். வந்தவர் வாயைத் திறக்கக்கூடாது, அதுதான் அங்கே விதி. எல்லாவற்றையும் அவரே சொல்வார்.

"நீலக் கலர் வண்டி... போன புதன்கிழமை... வீட்ல ரெண்டு பொம்பளப் புள்ளைங்க..."

கூட்டம் வாய் பிளக்கும். வந்தவர் பொலபொலவென்று அழுதுவிடுவார். சொல்லாமலே தெரிகிறதே, இதைவிட என்ன வேண்டும்?

"பின்கதவு வழியாத்தான் வந்திருக்கான்" என்று ஐயா கண்ணை மூடுவார். அடுத்தது திருடன் முகம். பெருக்க வருகிறவள், பால் போடுகிறவர், துணி தேய்க்கிறவர். அந்தக் கண்ணாடியில் இதுவரை கார் வைத்திருப்பவர் முகம் ஒன்றுகூடத் தெரிந்ததில்லை. காருக்குள் இருந்தால் தெரியாதோ என்னவோ.

இதற்கு நிலையத்தின் முழு ஆசியும் உண்டு. மனுவோடு வருகிறவரிடம் ஏட்டையா அன்பொழுகச் சொல்வார். "மனுவை வச்சுட்டுப் போங்க. ரசீதெல்லாம் அப்புறம். முதல்ல ஐயாவைப் பாருங்க. அவர் ஆளைச் சொல்லட்டும், நாங்க தூக்கிட்டு வந்துடறோம்."

விசாரணை இல்லை, சாட்சி இல்லை, வெயிலில் அலைச்சல் இல்லை. தூக்கி வரப்பட்டவர் இரண்டு நாளில் ஒப்புக்கொண்டும்விடுவார். எப்படி ஒப்புக்கொள்கிறார் என்பதை மட்டும் கண்ணாடி காட்டுவதில்லை.

நிலையத்தின் மதிலை ஒட்டிய சின்ன அறையில் கணினி வைத்து மனு எழுதிக் கொடுப்பவளை எல்லோரும் டைப்பக்கா என்பார்கள். அறையின் மறுபாதி ஜெராக்ஸ்காரனுக்கு. பத்து வருடமாக அந்த நிலையத்துக்குப் போகிற மனுவெல்லாம் அவள் கையால் அடித்ததுதான். கண்ணாடி ஐயாவைப் பற்றி அவள் நல்லதாகவோ கெட்டதாகவோ நினைத்ததில்லை. வாசலில் கூட்டம் இருந்தால் அவளுக்கும் வேலை இருந்தது. நமக்கெதற்கு வம்பு என்று இருந்துவிட்டாள்.

வம்பு அவளைத் தேடி வந்தது. அன்று காலை அவள் கடையைத் திறந்தபோது, நிலையத்தின் உள்ளே மரப் பெஞ்சில் அவளுடைய தங்கை உட்கார்ந்திருந்தாள்.

தங்கை பல் டாக்டரம்மா வீட்டில் சமையல் செய்கிறவள். டாக்டரம்மாவின் தங்கச் சங்கிலி காணவில்லை. முந்தின நாள் அந்த மனுவை அடித்ததே டைப்பக்காதான். "காலையில் சமையலுக்கு வந்து மதியம் போகும் பெண் ஒருவர்" என்று தன் விரலாலேயே அடித்தாள். யார் யார் வீட்டுக்கு வருகிறார்கள் என்ற பட்டியலில் அதுவும் ஒரு வரி, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தாள். சாயங்காலமே கண்ணாடியில் சமையல்காரி தெரிந்துவிட்டாள்.

"அக்கா, அந்தச் சங்கிலி எப்படி இருக்கும்னுகூட எனக்குத் தெரியாதுக்கா" என்றாள் தங்கை. முகம் வீங்கியிருந்தது. அழுததாலா, வேறு எதனாலா என்று டைப்பக்கா கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

"நாலு மணி வரைக்கும் டைம்" என்றார் ஏட்டையா, காதைக் குடைந்தபடி. "ஒத்துக்கிட்டா நல்லது. இல்லேன்னா இன்ஸ்பெக்டர் ஐயா கோர்ட்டுக்கு அனுப்பிடுவாரு. நான் என்ன பண்றது? கண்ணாடியே சொல்லிடுச்சு."

கடைக்குத் திரும்பினால், டாக்டரம்மா காத்திருந்தார். ஒரு பல்லைப் பிடுங்க இரண்டு எக்ஸ்ரே கேட்கிறவர் அவர். ஆளைப் பிடிக்க ஒரு சவரக் கண்ணாடி போதும் என்று இருந்துவிட்டார்.

"உன் தங்கைன்னு எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு" என்றார் அவர். "ஆனா ஐயா அப்படியே புட்டுப் புட்டு வச்சாரும்மா. ஸ்டேஷன்ல அதையும் சேத்து இன்னொரு மனு கேக்கறாங்க. ஒண்ணே ஒண்ணுதான் எனக்குப் புரியல. பின்கதவு வழியா எடுத்துட்டுப் போனாளாம். நாங்க மூணாவது மாடி. எங்களுக்கு இருக்கறதே ஒரு கதவு. ஒருவேளை பால்கனியைச் சொல்றாரோ?"

டைப்பக்கா நேற்றைய மனுவைத் திரையில் திறந்தாள். நான்காவது வரியில் இருந்தது: "வீட்டின் பின்கதவு வழியாக."

பத்து வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் வீட்டில் பின்கதவை உடைத்துத் திருடினார்கள். அந்த மனுவைத்தான் மாதிரியாகச் சேமித்து வைத்திருந்தாள். பெயரை மாற்றுவாள், முகவரியை மாற்றுவாள், பொருளை மாற்றுவாள். நான்காவது வரியைத் தொட்டதே இல்லை. ஒற்றை அறையில் குடியிருப்பவரும், மாடியில் இருப்பவரும், தெருவில் சைக்கிளைத் தொலைத்தவரும் பின்கதவோடுதான் நிலையத்துக்குப் போயிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டவர்கள் படிக்கவில்லை. போலீஸ் படிக்கவில்லை. அவள் எழுதியதை இத்தனை வருடத்தில் ஊன்றிப் படித்த ஒரே மனிதர் கண்ணாடி ஐயாதான்!

வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. கோபத்தை முதலில் கவனித்தாள்.

"டாக்டரம்மா, அந்த மனுவை அப்புறம் எழுதலாம். ரெண்டு மணிக்கு மாடிக்கு வாங்க" என்றாள். பிறகு ஜெராக்ஸ்காரன் பக்கம் திரும்பினாள். "தம்பி, உன் பேருல ஒரு மனு போடப்போறேன்."

"நான் எதையும் தொலைக்கலியேக்கா."

"அதனாலதான்."

மனு தயாரானது. பச்சை நிறத் தையல் மிஷின், காலால் மிதிக்கிற பெரிய மிஷின், திருட்டுப் போய்விட்டது. மனைவி நான்கு நாளாகச் சாப்பிடவில்லை. வீட்டுக்குத் தினமும் வந்து போவது ஒருத்தி மட்டுமே. கூப்பிடும் பெயர் மகாராணி. பச்சைக் கண், இடது காதில் வெட்டு. நான்காவது வரியை அப்படியே விட்டாள்.

ஏட்டையா வழக்கம்போல மனுவை வாங்கினார், வழக்கம்போல ரசீது தரவில்லை. ஐந்து நிமிடத்தில் ஒரு செய்தித்தாளைச் சுருட்டிக்கொண்டு, தேநீர் குடிக்கப் போகிறவர் போலத் தெருவைக் கடந்தார். தேநீர்க் கடை இந்தப் பக்கம் இருந்தது.

இரண்டு மணிக்கு மாடியில் நிற்க இடமில்லை. ஜெராக்ஸ்காரன் மூடிய கூடை ஒன்றோடு போய் உட்கார்ந்தான். பின்னால் டைப்பக்கா, அவள் பக்கத்தில் டாக்டரம்மா. ஐயா ஊதினார், துடைத்தார்.

"தையல் மிஷின்... பச்சைக் கலர்..."

"ஆகா!" என்றது கூட்டம்.

"உன் சம்சாரம் நாலு நாளா பட்டினி. அழுதுகிட்டே படுத்திருக்கா. எனக்குத் தெரியுது."

ஜெராக்ஸ்காரன் தலையைக் குனிந்துகொண்டான். சிரிப்பை மறைக்க வேறு வழியில்லை. முன்வரிசையில் ஒருவர் அதைப் பார்த்து, "பாவம், தாங்க முடியல அவனால" என்று கண்ணைத் துடைத்தார்.

"பின்கதவு வழியாத்தான் போயிருக்கு. எடுத்தவ... மகாராணி! பச்சைக் கண்ணு! இடது காதுல வெட்டு! அவளேதான்! தனி ஆளா, தலையில தூக்கி வச்சுக்கிட்டுப் போறா. விடாதே, புடிச்சு ஸ்டேஷன்ல குடு!"

"புடிச்சே கொண்டுவந்துட்டேங்க" என்று ஜெராக்ஸ்காரன் கூடையைத் திறந்தான்.

வெள்ளைப் பூனை ஒன்று வெளியே வந்தது. பச்சைக் கண், இடது காதில் வெட்டு. மேசை மேல் ஏறி, சோம்பல் முறித்து, கண்ணாடியை ஒருமுறை முகர்ந்து பார்த்தது.

"இவதாங்க மகாராணி. தையல் மிஷினை எங்க மறைச்சு வச்சிருக்கான்னு நீங்களே கேளுங்க. எங்க வீட்ல மிஷினே கிடையாது. எனக்குக் கல்யாணமும் ஆகல. சம்சாரம் எங்க படுத்திருக்காங்கன்னு சொன்னீங்கன்னா போய்ப் பாத்துட்டு வருவேன்."

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு மாடியே சிரித்தது. ஐயா மட்டும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதுதான் அதில் நிஜமாக ஒரு முகம் தெரிந்தது. டைப்பக்கா முன்னால் போய்க் கறுப்புத் துணியைச் சுருட்டினாள். அடியில் மனுக்கள் கட்டாக இருந்தன. மேலே தையல் மிஷின் மனு. அடியிலிருந்து நேற்றைய மனுவை உருவி டாக்டரம்மாவிடம் நீட்டினாள். டாக்டரம்மா தன் கையெழுத்தைப் பார்த்தார், நான்காவது வரியைப் படித்தார், விருட்டென்று படியிறங்கினார்.

நிலையத்தில் இன்ஸ்பெக்டர் மேசையைத் தட்டினார். "பொய்ப் புகார் குடுத்ததுக்கு உன்னையும் அந்த ஜெராக்ஸ்காரனையும் உள்ள தள்ளுவேன்!"

"தள்ளுங்க சார்" என்றாள் டைப்பக்கா. "புகார் வந்துச்சுன்னு முதல்ல ஒரு ரசீது குடுங்க. வந்த புகார் எப்படி மாடிக்குப் போச்சுன்னு அதுலயே எழுதிக் குடுங்க. நான் கோர்ட்ல காட்டிக்கறேன்."

இன்ஸ்பெக்டர் ஏட்டையாவைப் பார்த்தார். ஏட்டையா கூரையைப் பார்த்தார். டாக்டரம்மா தன் மனுவை மேசையில் அறைந்தார். "நான் இந்தப் பொண்ணு மேல எந்தப் புகாரும் தரல. கண்ணாடிதான் தந்துச்சு. வேணும்னா அதைக் கூட்டிட்டு வந்து சாட்சி சொல்ல வைங்க. இப்ப அவளை அனுப்புங்க!"

மூன்றரைக்குத் தங்கை வெளியே வந்தாள். நடக்கும்போது ஒரு காலைத் தாங்கித் தாங்கி வைத்தாள். டைப்பக்கா அவளைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே அழுதுவிட்டாள். கண்ணாடி ஐயா அதற்குள் சைக்கிள் கடைப் பக்கமாக இறங்கிக் காணாமல் போயிருந்தார். அவரைத் தேடித் தர ஆளில்லை.

மாடியிலிருந்த கூட்டம் மெல்ல மதிலோரம் வந்து சேர்ந்தது. திருந்திவிட்டார்கள் என்றுதான் டைப்பக்கா நினைத்தாள். முன்னால் நின்ற பெரியவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார்.

"தாயே! நீ எழுதினதுதானே அப்படியே கண்ணாடியில தெரிஞ்சிருக்கு! சக்தியெல்லாம் உன் விரல்லதான் இருக்கு. இது தெரியாம இத்தனை நாளா அந்த ஆளுகிட்டப் போனோமே!"

கூட்டம் தரையில் விழப் போனது. டைப்பக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தங்கையைப் பெரியவருக்கு நேராக நிறுத்தினாள்.

"இவளை நல்லாப் பாருங்க. பத்து வருஷமா நான் தப்பா எழுதினேன். நீங்க ஒவ்வொருத்தரும் அதுல கையெழுத்துப் போட்டீங்க. ஒருத்தர், ஒரே ஒருத்தர் படிச்சுப் பாத்திருந்தா, இவ இன்னிக்கு அடி வாங்கியிருக்க மாட்டா. கால்ல விழறதுக்குக் காட்டுற அவசரத்தை, எழுந்து நின்னு நாலு வரி படிக்கறதுல காட்டுங்க!"