இருபது கிலோ முந்நூறு கிராம்

மதிப்பிற்குரிய மைத்துனருக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், பெட்டி மட்டும் சுகமில்லை. உங்கள் வீட்டில் பெரியவர் சிறியவர் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று விரும்பி, விஷயத்துக்கு வருகிறேன்.

அடுத்த வியாழக்கிழமைக்கு நீங்கள் எடுத்து அனுப்பிய இரண்டு விமான டிக்கெட்டுகளையும் தயவுசெய்து ரத்து செய்துவிடவும். என் மகள் ஏழு மாதக் கர்ப்பத்தோடு, கடல் நடுவே அந்தக் குட்டித் தீவு நாட்டில், அம்மா வருவாள் என்று நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாள். அது எனக்குத் தெரியாமல் இல்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கத்தான் அவளை அங்கே அனுப்பினேன். படகு ஓட்டுகிற ஒருவரைக் கட்டிக்கொள்ளப்போவதாக ஒருநாள் போனில் சொன்னாள். அவரோடு நின்ற போட்டோவையும் தபாலில் அனுப்பினாள். சம்மதம் கேட்கவில்லை, தகவல் சொன்னாள். நான் கல்யாணத்துக்குப் போகவில்லை, உங்கள் அக்காவையும் விடவில்லை. அந்தப் போட்டோ இரண்டு வருஷமாக அலமாரி மேல் கவிழ்ந்து கிடக்கிறது. நான் அதைத் தொடுவதுகூட இல்லை. ஆனால் இப்போது பயணம் வேண்டாம் என்பது அந்தக் கோபத்தால் அல்ல. நடைமுறைச் சிக்கல்.

வியாழன் சாயங்காலம் அங்கே இறங்குகிறோம். வெள்ளி அவர்களுக்குத் தொழுகை நாள், விடுமுறை. மகள் இருக்கும் தீவுக்குப் பொதுப்படகு சனிக்கிழமைதான். "மாப்பிள்ளைகிட்டயே படகு இருக்கே, அவரே வந்து கூட்டிட்டுப் போவாரு" என்கிறாள் உங்கள் அக்கா. கல்யாணத்துக்கு வராத மாமனார் எந்த முகத்தோடு அவர் படகில் ஏறி உட்காருவது? தரையில் என்றால் எழுந்து வேறு பக்கம் போகலாம். கடலில் எங்கே போவது?

சரி, முகத்தை விடுங்கள், முழங்கால் இருக்கிறது. அதற்கு நான் சாப்பிடும் ஹோமியோபதி சொட்டு மருந்தில் ஆல்கஹால் உண்டு. அந்த நாட்டுக்குள் மது ஒரு சொட்டும் கொண்டுபோகக்கூடாது. மருந்துக்கடைக்காரரிடம் கேட்டேன். "ஐயா, இதைக் குடிச்சுட்டு இதுவரைக்கும் யாரும் ஆடினதில்லை" என்றார். ஆட்டத்தையா கேட்டேன்? "ஒரு சொட்டுன்னா எத்தனை மில்லி, அதைச் சொல்லுங்க" என்றேன். "உருண்டையா தரேன், எடுத்துட்டுக் கிளம்புங்க" என்று உருண்டையைக் கொடுத்துவிட்டார். அதனால் அந்தச் சிக்கல் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். உருண்டைக்கும் எடை உண்டு.

பெட்டிக்கு வருகிறேன். நீங்கள் எடுத்த டிக்கெட்டுக்கு, இருவருக்கும் சேர்த்தே இருபது கிலோதான். எடை அளவு ஆய்வாளராக முப்பத்தோரு வருஷம் கடை கடையாக ஏறித் தராசுக்கு முத்திரை குத்தியவன் நான். என் வீட்டுத் தராசு பொய் சொல்லாது. திங்கட்கிழமை வைத்தேன், இருபது கிலோ முந்நூறு. உங்கள் அக்கா ஒரு சேலையை எடுத்தாள், சரியாக இருபது. செவ்வாய்க்கிழமை பார்த்தால் மறுபடியும் இருபது முந்நூறு. இன்னொரு சேலையை எடுத்தாள். நேற்று மறுபடியும் அதே முந்நூறு. "என்னத்தடி வைக்கிறே"ன்னு கேட்டா, "நான் ஒண்ணும் வைக்கலீங்க"ங்கிறா. அப்புறம் பெட்டி என்ன, தின்னு கொழுக்குதா? தராசுத் தட்டுக்கு அடியில புளியை ஒட்டி வச்ச கடைக்காரனையெல்லாம் கையும் களவுமாப் பிடிச்சவன் நான். என் வீட்டுக்குள்ளேயே இப்படின்னா யார்கிட்ட போய்ச் சொல்றது?

ஆகவே, ரத்து. பிரசவம் அங்குள்ள ஆஸ்பத்திரியிலேயே நல்லபடியாக நடக்கும். நாம் போய் என்ன செய்யப்போகிறோம்? இதை மகளிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடவும். என்னால் முடியவில்லை.

உங்கள் பிள்ளைகள் நன்றாகப் படித்து, நேர்மையாகப் பிழைக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பி.கு.: தம்பி, இது அக்கா எழுதறது. தபால்ல போடச் சொல்லிக் கொடுத்தாரு, பிரிச்சுப் படிச்சுட்டேன். டிக்கெட்டை ரத்து பண்ணாதே. நான் சத்தியமா ஒண்ணும் வைக்கலை. வைக்கிறது உன் அத்தான்தான். திங்கட்கிழமை குழந்தைக்கு ஒரு ஸ்வெட்டர், அந்த வெயில் ஊருக்கு. செவ்வாய்க்கிழமை மகளுக்கு வழுக்காத ரப்பர் செருப்பு, படகுல ஏறி இறங்கறவளாச்சேன்னு. நான் குளிக்கப் போற நேரம் பார்த்து அடியில சொருகிடறாரு. நான் ஒவ்வொரு சேலையா எடுத்து இடம் விடறேன். நேத்து வச்சது அட்டைப்பெட்டியோட ஒரு புது ஆம்பளைச் சட்டை, இவர் அளவும் இல்லை. தொடறதே இல்லைன்னு எழுதியிருக்காரே, அந்தப் போட்டோவை அலமாரி மேலேருந்து எடுத்துப் பார்த்தேன். பின்பக்கம் பென்சில்ல இவர் கையெழுத்து: "மகள் ஐந்தடி இரண்டு. அப்படியானால் அவர் ஐந்தடி எட்டு. தோள் பதினெட்டு அங்குலம்." போட்டோ மேல ஸ்கேலை வச்சு அளந்திருக்காரு. சட்டைக்குள்ள கடை பில்லும் இருந்தது. தேதி, அவங்க கல்யாணத்துக்கு முந்தின நாள். நீ இதையெல்லாம் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே. வியாழக்கிழமை கிளம்பறோம். எனக்கு ரெண்டு சேலை போதும்.