மூடுபனிக்குள் அப்பா எண்ணிய ஐந்து

ரக்பி விளையாட்டில் இரண்டு வகை உண்டு. பதின்மூன்று பேர் ஆடுவது ஒன்று, பதினைந்து பேர் ஆடுவது மற்றது. இரண்டுக்கும் பந்து முட்டை வடிவம்தான். விழுந்தால் வலிப்பதும் ஒரே மாதிரித்தான். இரண்டிலும் தோற்றவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருப்பார்கள். ஒன்றின் சட்டத்தை மற்றதில் பின்பற்றி, வென்றுகொண்டிருந்த ஆட்டத்தைத் தூக்கிக் கொடுத்தவள் அநேகமாக நான் ஒருத்திதான். அதுவும் அப்பாவின் சொல் கேட்டு.

டேனிஷ் நகரமான ஹேர்னிங்கில் பிறந்து வளர்ந்த நான், படிப்பதற்காக மூன்று வருடம் வட இங்கிலாந்தில் மாமி வீட்டில் இருந்தேன். அங்கேதான் பதின்மூன்று பேர் ரக்பி என்னைப் பிடித்துக்கொண்டது. (நான் அதைப் பிடித்தேன் என்று சொல்ல முடியாது. பந்து என் கையில் நின்றதே அபூர்வம்.) என்னை மைதானத்தின் ஓரத்தில் நிறுத்துவார்கள். அங்கே பந்து வருவதற்கு நேரமெடுக்கும். அதுவரை நான் மேகங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். சேற்று மணமும் தூரத்தில் யாரோ கத்தும் சத்தமும், பாதி நித்திரையில் மிதப்பது போன்ற சுகத்தைத் தரும். அந்தச் சுகத்துக்காகவே விளையாடினேன்.

அந்த வகையில் சட்டம் மரியாதையானது. பந்தோடு ஓடுகிறவளைப் பிடித்து விழுத்தினால், விழுத்தியவர்கள் அவளை விட்டுவிட வேண்டும். அவள் எழுந்து, பந்தை நிலத்தில் வைத்து, காலால் பின்னுக்குத் தட்டுவாள். அது ஒன்று. இப்படி ஐந்து முறை ஆனதும் பந்தைத் தூர உதைத்துவிட வேண்டும். வைத்திருந்து ஆறாவது முறையும் பிடிபட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும்.

இந்தச் சட்டம் அப்பாவுக்கு மிகவும் பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மாமி வீட்டிலும் அவர் ஹேர்னிங்கிலும் இருந்தபடி, தொலைபேசியில் கதைத்துக்கொண்டே ஒரே ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்ப்போம். அப்பா சத்தமாக எண்ணுவார். எண்ணுவது அவருக்குப் பழக்கம். நான் சின்னவளாக இருந்தபோது, தொழிற்சாலைக்குப் புறப்படும் முன்னர் என் அறை வாசலில் நின்று ஐந்து வரை எண்ணுவார். ஐந்து என்றதும் என் கால் தரையில் இருக்க வேண்டும். ஐந்துக்குப் பிறகு என்ன நடக்கும் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

படிப்பு முடிந்து திரும்பி வந்தால், எங்கள் பக்கத்தில் இருந்த ஒரே கழகம் பதினைந்து பேர் வகை. இதில் எண்ணிக்கை கிடையாது. விழுந்தால் பந்தை விட்டுவிட வேண்டும். இரண்டு பக்கமும் மேலே வந்து விழும், பலமுள்ளவர் எடுத்துக்கொள்ளலாம். நானோ முதல் மாதம் முழுவதும், விழுந்தவுடன் பந்தோடு எழுந்து, மரியாதையாக நிலத்தில் வைத்துக் காலால் தட்டினேன். ஒவ்வொரு முறையும் விசில். எங்கள் பயிற்சியாளர் கேர்ஸ்டன், பாலர் பாடசாலையில் வேலை செய்த நெடிய பெண், ஒருநாள் என் தோளில் கைவைத்து, "நீ விழுந்தால் தயவுசெய்து விழுந்தே கிட" என்றாள்.

வீட்டில் வேறு பிரச்சினை. "இங்கிலாந்தில ஆடினது வேறை. இஞ்சை கோயிலுக்கு வாற சனம் பாத்தால் என்ன கதைக்கும்?" என்றார் அம்மா. அப்பா யோசித்தார்.

"ஒருக்கா வந்து பாக்கிறன். பாத்திட்டு, விளையாடுறதோ விடுறதோ எண்டு சொல்லுறன்."

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. கையில் வேலை இருந்தது. ஆனாலும் எங்கள் வீட்டில் அப்பா சொன்னால் சொன்னதுதான். விடு என்றால் விட்டிருப்பேன். விட்டுவிட்டு அறைக்குள் இருந்து அழுதிருப்பேன். அவ்வளவு பயம், அந்த விளையாட்டில் அவ்வளவு ஆசை.

"சட்டமெல்லாம் அதேதானே பிள்ளை?" என்று அப்பா கேட்டார்.

"ஓம் அப்பா. ரெண்டு பேர் கூட, அவ்வளவுதான்."

(விளக்கப் பஞ்சிப்பட்டேன். வெறும் சோம்பல், வேறு காரணம் இல்லை.)

ஒக்டோபர் மாதச் சனிக்கிழமை. காலையிலிருந்தே மூடுபனி. அப்பா கோயிலுக்குப் போடும் கோட்டுடன் வந்திருந்தார். அம்மா கறி அடைத்த நாற்பது ரோல்ஸ் சுட்டு, தட்டத்தைத் துவாயால் மூடிக் கொண்டுவந்திருந்தார். இடைவேளைக்குப் பிறகு பனி இன்னும் இறங்கியது. பக்கத்து வயல் காணாமல் போனது, பிறகு கோல் கம்பங்கள் போயின, பிறகு அம்மா அப்பாவும் போனார்கள். என் ஓரத்தில் நானும் வெள்ளையும் மட்டும். உலகம் முடிந்துபோய் என்னை மறந்துவிட்டார்கள் போல இருந்தது. பயமாக இல்லை, இனிமையாக இருந்தது.

கடைசி நிமிடம். நாங்கள் மூன்று புள்ளி முன்னால். பந்தும் எங்களிடம். செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: நேரம் முடியும்வரை பந்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பது. கேர்ஸ்டன் இதை மூன்று முறை சொல்லியிருந்தாள்.

அப்போது ஓரக் கோட்டருகே பனிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஒண்டு."

எங்களில் ஒருத்தி விழுந்து எழுந்தாள்.

"ரெண்டு."

எனக்கு ஆட்டம் மறந்துபோனது. என் அறை, போர்வையின் சூடு, வாசலில் அப்பாவின் வேலைச் சப்பாத்து.

"மூண்டு. நாலு."

எங்கிருந்தோ பந்து என் கைக்கு வந்தது. ஒருத்தி என் இடுப்பைப் பிடிக்க, உதறிக்கொண்டு ஓடினேன்.

"அஞ்சு. உதை பிள்ளை."

உதைத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக நான் உதைத்ததே இல்லை. பந்து வெள்ளைக்குள் ஏறி மறைந்தது. எங்கள் அணியின் மற்றப் பதினான்கு பேரும் நின்று அதைப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் யாரோ பிடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு எதிரணிப் பெண் ஒருத்தி பனிக்குள்ளிருந்து வெளிப்பட்டு, எங்களைக் கடந்து, மீண்டும் பனிக்குள் போனாள். எங்கள் கோட்டுக்கு அப்பால் பந்தை நிலத்தில் வைத்தால் ஐந்து புள்ளி. விசில் கேட்டதும் தெரிந்தது, தோற்றுவிட்டோம்.

"வடிவான உதை" என்று அப்பா கை தட்டினார். அவர் ஒருவர்தான் தட்டினார்.

கேர்ஸ்டன் என்னிடம் வந்து, "அந்த மனிதர் என்ன சொன்னார்?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் நேரே எதிரணித் தலைவியிடம் போய் அதை அப்படியே சொன்னாள்.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் ஒன்றாக இருந்து சாப்பிடுவது வழக்கம். வந்த அணி, எங்கள் அணியில் அன்று சிறப்பாக ஆடியவருக்கு ஒரு கிண்ணம் கொடுக்கும். அன்று அதன் தலைவி, வாயில் ரோல்ஸுடன் எழுந்து, கிண்ணத்தை அப்பாவிடம் கொடுத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். ஏன் என்று அப்பா டேனிஷில் கேட்க, கேர்ஸ்டன் ஒரு கடதாசியில் படம் கீறி இரண்டு வகைச் சட்டத்தையும் விளக்கினாள். அப்பாவின் முகம் மெல்ல மெல்ல மாறியது. கிண்ணத்தைக் கீழே வைத்தார். எனக்கு நிலம் பிளந்தால் போதும் என்றிருந்தது. இனி இந்தச் சேற்றில் கால் வைக்க விடமாட்டார் என்றே நினைத்தேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் அப்பா தொடங்கினார்.

"பிள்ளை."

"ஓம் அப்பா."

"உதைக்கக் கூடாதெண்டு உனக்குத் தெரியுந்தானே?"

"தெரியும்."

"பிறகேன் உதைச்சனி?"

"நீங்கள் சொன்னனீங்கள்."

அப்பா சுற்றுவட்டத்தில் திரும்ப மறந்து இன்னொரு முறை சுற்றினார். பிறகு சொன்னார்: "நீ விளையாடு. ஆனா இனி நான் சொல்லுறதைக் கேளாதை."

"பாத்துக் கதையுங்கோ. உவள் அதைப் பிடிச்சுக்கொள்ளுவாள்" என்றார் அம்மா.

பிடித்துக்கொண்டேன். இன்னும் ஆறு வருடம் விளையாடினேன். நல்ல சம்பள வேலையை விட்டு முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போனபோது அப்பா வாயைத் திறந்தார். பிரெடெரிசியா நகரிலிருந்து மட்டக்களப்புக் கிறிஸ்தவப் பெடியன் ஒருவனைக் கூட்டிவந்து நிறுத்தியபோது மறுபடி திறந்தார். இரண்டு முறையும் அம்மா முந்திக்கொண்டார்: "நீங்கள்தானே கேளாதை எண்டனீங்கள்?" கலியாண வீட்டில் இந்தக் கதையை ஒலிவாங்கியில் சொன்னதும் அப்பாதான்.

இப்போது அப்பா தொலைபேசியில் ஏதும் புத்தி சொல்ல வந்தால், "நீ கேக்கத் தேவையில்லை, எண்டாலும் சொல்லுறன்" என்றுதான் தொடங்குவார். என் கணவன் சிரிப்பான். நான் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, வேறு அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு முழுவதும் கேட்பேன்.