கண்ணாடி ஏறாத முகம்

"எப்பப் பாரு குத்திக்காட்டு, குத்திக்காட்டு! லீவு நாள்லகூட மனுஷன் நிம்மதியா இருக்க முடியுதா?"

இது என் கணவர். நான் குத்திக்காட்டியது ஸ்டோர் ரூமை. ஜன்னல் இல்லாத அந்த அறையை ஒழித்துத் தருவதாக அவர் வாக்குக் கொடுத்துப் பதினொரு மாதம் ஆகிறது. எனக்கு அங்கே ஒரு நாற்காலி வேண்டும், உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். இந்த வீட்டில் நான் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள முடிகிற இடம் குளியலறை ஒன்றுதான். அதையும் தட்டுகிறார்கள்.

"இன்னிக்கு சத்தியமா முடிச்சுடறேன்" என்று குளிக்கப் போனவர் முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். முகம் வெந்த பீட்ரூட். கையில் குட்டி உருளை, அது நிறைய பொடிப்பொடி ஊசி.

"என்னங்க இது கண்றாவி?"

"மைக்ரோ நீடிலிங். ஊசியால உருட்டினா சுருக்கம் போயிடுமாம். வியாழக்கிழமை ஆபீஸ்ல அடையாள அட்டைக்குப் போட்டோ எடுக்கறாங்க. ஆனா பாரு, வெயில் கூடாது, தூசி கூடாது, வேலை செய்யக் கூடாது. இந்தா, இதோட வந்த தாள், நீயே படி."

இருபத்து நாலு வருஷம் நான் குத்தியும் அசையாத தோல், ஐநூறு ஊசிக்கு ஒரே நாளில் மசிந்துவிட்டது.

தாளை என்னிடம் நீட்டியதுதான் அவர் செய்த தப்பு. வீங்கிய மூக்கில் கண்ணாடி ஏறவில்லை. கண்ணாடி இல்லையென்றால் அவருக்கு எழுத்தும் எறும்பும் ஒன்று.

கான்வென்ட்டில் சிஸ்டர் எழுப்பிவிட்டு வாசிக்கச் சொன்ன அதே குரலில் ஆரம்பித்தேன்.

"வெயில் கூடாது. சரி. டிவி, செல்போன் வெளிச்சமும் கூடாது. ஜன்னல் இல்லாத ரூம்ல இருக்கணும். ஜீரோ வாட்ஸ் பல்பு போட்டுக்கலாம்."

"நம்ம வீட்டுல அப்படி ரூம் ஏது..." நிறுத்திக்கொண்டார்.

"உட்கார்ற இடத்துல சாமானே இருக்கக் கூடாது. ஈரத் துணியால துடைச்சிருக்கணும்."

"நீ துடைச்சுக் கொடேன்."

"பொறுங்க, அடுத்த வரியே அதான். ரெண்டு கையும் அசைஞ்சுக்கிட்டே இருக்கணும். இல்லேன்னா ரத்தம் முகத்துலயே தங்கி, இந்தக் கலர் அப்படியே நின்னுடும்."

கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "வேலை செய்யக் கூடாதுன்னு போட்டிருந்துதே?"

"அது முகத்துக்கு. முகத்தால எந்த வேலையும் கூடாது. பேச்சு உட்பட."

ஐந்து நிமிஷத்தில் முதல் அட்டைப்பெட்டி வெளியே வந்தது. மூன்று மணிக்குத் தரை தெரிந்தது. ஜெயித்த சந்தோஷமெல்லாம் ஒன்றும் வரவில்லை. உட்காரத்தான் தோன்றியது. அவரை வெளியே அனுப்பினேன். நாற்காலியைப் போட்டேன். தாழ்ப்பாளையும் போட்டேன். தாளும் அவர் கண்ணாடியும் என் மடியில்.

கதவுக்கு வெளியே குரல்:

"ஏம்மா, மூக்கு கொஞ்சம் வடிஞ்சிருக்கு. அந்தத் தாளையும் கண்ணாடியையும் ஒரு நிமிஷம் கொடேன்... ஏம்மா?"