பாலைவனத்தில் ஒரு ‘ரைட்’

எங்கள் ரைட்டண்ணன் உட்கார்ந்து பார்த்தவர்கள் திண்டிவனத்தில் ஒருவர்கூடக் கிடையாது. விழுப்புரம் - திண்டிவனம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்ந்தது வேலைதான்; ஆள் இன்னும் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. கல்யாணப் பந்தியில் கூட்டம் சேர்ந்தால், “உள்ள போ, உள்ள போ, நடுவுல எவ்ளோ எடம் கெடக்குது பாரு” என்று மாப்பிள்ளையின் அப்பாவையே நெட்டித் தள்ளுவார். எங்கள் தெருவில் அமரர் ஊர்திகூட, அவர் பின்கதவில் இரண்டு தட்டு தட்டி “போலாம் ரைட்” என்றால்தான் நகரும். தட்டியதும் தொற்றி ஏறிவிடுவார்.

“ரைட் சொன்னவன் வண்டியில இருக்கணும் சார். சொல்லிட்டு கீழ நின்னுக்கினு இருந்தா அவன் கண்டக்டரே இல்ல.” இது அவருடைய சட்டம்.

அவருடைய ஒரே மகள் கலா ஆஸ்திரேலியாவில் நர்ஸ். அம்மா போன பிறகு, அப்பாவைத் தன்னோடே வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரே பிடிவாதம். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பிய அண்ணன், தனியாகப் போகமாட்டேன் என்றதால் பக்கத்து வீட்டு ரிடையர்டு ஆசாமியான நானும் துணைக்குப் போனேன். விமானத்தில் எல்லோரும் உட்காரும்வரை நின்றார். “எறங்குறவங்க இப்பவே எறங்கிக்கங்க, நடுவுல ஸ்டாப்பிங் கெடையாது!” பெல்ட் போடச் சொல்லிப் பணிப்பெண் அதட்டியதும் இருக்கையின் விளிம்பில் ஒட்டிக்கொண்டார். அதை உட்கார்ந்ததாக நான் சேர்த்துக்கொள்ள மாட்டேன்.

அங்கேயே தங்கிவிடச் சொன்ன கலாவுக்கு அவர் பிடி கொடுக்கவே இல்லை. “ரோட்ல ஒரு ஜனம் இல்லம்மா. ஒரே பேஜாரா இருக்குது.” ஜனம் இல்லை என்றவரின் மனதை மாற்ற அவள் தேர்ந்தெடுத்த இடம், ஈ காக்கை இல்லாத ஒரு பாலைவனச் சரணாலயம். அப்பாவுக்குத் தப்பாமல் பிறந்தவள். எனக்கோ, எப்படியாவது அவரைத் திரும்ப ஊருக்குக் கூட்டிப் போய்விட வேண்டும் என்ற சுயநலம்.

கண்ணுக்கு எட்டியவரை செம்மண். ஜீப் ஓட்டிய தாடிக்கார வெள்ளைக்காரர் ஒரு பொந்தைக் காட்டினார். முயல் காது வைத்த அபூர்வப் பிராணி ஒன்று உள்ளே தூங்குகிறதாம், இருட்டினால்தான் வெளியே வருமாம்.

“எலி வளைய பாக்கவா இவ்ளோ தூரம்? நம்ம திருவெண்ணெய்நல்லூர்ல வரப்புக்கு நாலு கெடக்குது.”

கலாவின் முகம் வாடிவிட்டது.

அடுத்து ஒரு வேலி வந்தது. பூனையும் நரியும் நுழையாமலிருக்க, வண்டி கடந்ததும் கதவைச் சாத்த வேண்டும். கதவு என்றதும் அண்ணனுக்கு உயிர் வந்துவிட்டது. குதித்து இறங்கிச் சாத்தினார். பின்படியில் தொற்றினார். தகரத்தில் இரண்டு தட்டு. “போலாம் ரைட்!”

தாடிக்காரர் காதில் ‘ரைட்’ மட்டும் விழுந்தது. பட்டப்பகலில் அந்த அபூர்வப் பிராணி வலது பக்கம் தெரிகிறதாக்கும் என்று ஸ்டியரிங்கை ஒரே ஒடி ஒடித்தார். ஜீப் மணல்மேட்டில் பாய்ந்து, சக்கரம் முக்கால்வாசி புதைந்து நின்றது.

“யோவ், இன்னாய்யா வண்டி ஓட்ற? ரோடு நேராத்தான போவுது!”

கலா இறங்கி மணலில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். விஷயத்தைச் சொன்னதும் தாடிக்காரரும் சிரித்துவிட்டு, ரேடியோவில் உதவிக்கு ஆள் கூப்பிட்டார். கலாவின் சிரிப்பு மட்டும் நிற்காமல் அழுகையாக மாறியது.

“இந்த ஊருக்கு வந்ததுலேர்ந்து நான் இப்படி சிரிச்சதே இல்லப்பா. டூட்டி முடிச்சு வந்தா வீட்ல பேச ஒரு ஆளு கெடையாது. சண்ட போடக்கூட ஆளு கெடையாது.”

அண்ணன் பின்படியை விட்டு இறங்கினார். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, அவள் பக்கத்தில், சுடுமணலில் உட்கார்ந்தார். சப்பணம் போட்டு, நன்றாக உட்கார்ந்தார். உதவி வண்டி வரும்வரை எழுந்திருக்கவே இல்லை.

நான் ஊர் திரும்பிய அன்று அப்பாவும் மகளும் விமான நிலையத்துக்கு வந்தார்கள். தள்ளுவண்டியில் என் பெட்டி மட்டும்தான் இருந்தது. அண்ணன் அதில் இரண்டு தட்டு தட்டினார்.

“போலாம் ரைட்!”

சொல்லிவிட்டு, கலாவின் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

நானும் அந்தத் தாடிக்காரரைப் போலவே சட்டென்று வலது பக்கம் திரும்பிக்கொண்டேன். என் கண் கலங்கியிருப்பதைப் பார்த்தால், “உள்ள போ, உள்ள போ” என்று மனுஷன் என்னை நெட்டித் தள்ளியிருப்பார்.