மூன்று மாதக் கர்னல்

ஓக்லஹோமாவில் மனைவி மக்களோடு சுகமாக வாழும் சித்தப்பா மகன் தம்பி டெல்பர்ட் டேக்கெட்டுக்கு, கென்டக்கியிலிருந்து உன் அண்ணன் ஆர்லிஸ் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அண்ணி லர்லீனும் கர்த்தர் கிருபையால் நலம். உன் முட்டிவலி தேவலையா? தேவலை என்றால் சந்தோஷம். இல்லையென்றால் வருத்தப்பட எனக்கு இப்போது நேரமில்லை. நீ பண்ணிவிட்ட காரியம் அப்படி.

போன மாதம் போனில் என்ன கேட்டாய்? “ஏண்ணே, நம்ம கர்னல் தாத்தா உள்நாட்டுப் போர்ல எந்த ரெஜிமென்ட்டுண்ணே?” நாற்பது வருஷமாக இந்த மாவட்டத்தில் ஒரு ஜென்மம் கேட்காத கேள்வி! கர்னல் டேக்கெட்டின் கொள்ளுப்பேரன் என்றால் போதும், சபையில் முன்வரிசை, கல்லறைகளுக்குப் பூ வைக்கும் ஞாயிற்றுக்கிழமை விருந்தில் முதல் கோழித்தொடை, எல்லாம் எனக்குத்தான். எதிர்வீட்டு ஹாலிஸ் ராக்ஸ்டேலின் கொள்ளுத்தாத்தா வெறும் சிப்பாய், அதனால் அவன் தட்டை ஏந்திக்கொண்டு எனக்குப் பின்னால்தான் நிற்பான். இந்த வருஷம் அந்த ஞாயிற்றுக்கிழமை தாத்தாவுக்குப் புதுக் கல் திறக்கப்போகிறேன் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்து வைத்திருந்தேன். இந்த நேரம் பார்த்தா உனக்கு ரெஜிமென்ட் கேட்கிறது?

சரி, தெரிந்துகொண்டு கல்லிலேயே பொறித்துவிடலாம் என்று தலைநகரத்து ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். வடக்குப் படையில் தேடினேன், இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தெற்குப் படையிலும் தேடினேன், அங்கேயும் இல்லை. அங்கே உட்கார்ந்திருந்த பெண், “ஐயா, இந்தப் பேர்ல ஒரு சமையல்காரர்கூட இல்லீங்களே” என்கிறாள். என்ன கொழுப்பு பார்! போதாததற்கு, “ராக்ஸ்டேல்னு உங்க ஊர்க்காரர் ஒருத்தர் இருக்காரு, சண்டையில ஒரு கை போயிருக்கு” என்று நான் கேட்காமலே எடுத்துக் காட்டினாள். எரிச்சலோடு வீட்டுக்கு வந்தால் கல் வந்து இறங்கியிருக்கிறது. ‘கர்னல் ஆஸ்பரி டேக்கெட்’ என்று பெயர், அதற்கு மேலே குதிரையும் வாளும் செதுக்கச் சொல்லியிருந்தேன். அந்தக் கல்தச்சன் டாயல், குதிரைக்கு முழ நீளக் காது வைத்திருக்கிறான்! “யோவ், இது குதிரையா, கோவேறு கழுதையாய்யா?” என்று கத்தினேன். “கல்லு அப்படிப் போயிடுச்சுண்ணே” என்கிறான். வாளோ மொண்ணையாக, சோளத்தட்டை வெட்டும் கத்தி மாதிரி இருக்கிறது. அதைக் கேட்டால், “நீங்க மாதிரிக்குக் கொடுத்த உங்க தாத்தா வாளைப் பார்த்துத்தானே செதுக்கினேன்?” என்று என்னையே திருப்பிக் கேட்கிறான்.

தாத்தாவைப் பெற்றவர்களின் கல்லிலாவது ஏதாவது இருக்குமா என்று மறுநாள் மலைமேல் இருக்கிற பழைய சபைக் கல்லறைக்குப் போனோம். முள்ளு, உண்ணி, மேலே பட்டால் அரிக்கிற கொடி, ஒன்று பாக்கியில்லை. நான் இடுப்பைச் சொறிந்துகொண்டு நிற்கிறேன், உன் அண்ணி ஒரு சின்னக் கல்லில் பாசியைச் சுரண்டிவிட்டுக் கூப்பிடுகிறாள்: “ஏங்க, இங்க வாங்க. உங்க கர்னல் பால் குடிக்கிறாரு!” போய்ப் பார்த்தேன். ‘கர்னல். ஜெரமயா, மெஹாலா டேக்கெட் ஆகியோரின் மகன். வயது மூன்று மாதம்.’ மூணு மாசத்துல எவன்டா சண்டைக்குப் போவான்? பக்கத்துக் கல்லில் ‘ஜட்ஜ்’, வயது இரண்டு. அதற்கடுத்து ஏழாவது மகன்; ஏழாவது மகனுக்கு நோய் தீர்க்கும் கை என்று இங்கே ஒரு நம்பிக்கை, அதனால் அவன் பெயர் ‘டாக்டர்’! புரிகிறதா டெல்பர்ட்? கர்னல் என்பது பதவியில்லை, ஞானஸ்நானப் பேரு! செத்த பிள்ளையின் பெயரை அடுத்துப் பிறந்ததற்கு வைக்கிற வழக்கம் இந்த மலைக்காட்டில் உண்டே, அப்படிப் பெயர் வாங்கியவர்தான் நம் தாத்தா. ஒரே வரிசையில் மூன்று பிள்ளைகளைப் புதைத்த மெஹாலாவை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது, அது வேறு விஷயம். ஆனா ஜான், ஜேம்ஸுன்னு வாயில வராதா அந்த மனுஷங்களுக்கு? உன் அண்ணி அந்தக் கல்லறை மேலேயே உட்கார்ந்து கண்ணில் தண்ணி வரச் சிரித்தாள். இறங்கி வரும்போது, “தாத்தா ஏர் ஓட்டினவருங்க, போருக்கே போகல” என்று ஆறுதல் வேறு.

ஆகவே கல்லைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டேன். திறப்புவிழா கிடையாது. எனக்கு வயிற்றுப்போக்கு என்று ஊருக்குச் சொல்லிவிடுவேன். நீ வராதே. இனிமேல் கோழித்தொடை ஹாலிஸுக்கு, எனக்குக் கழுத்து எலும்புதான். எல்லாம் உன்னால் வந்த வினை.

உன் வீட்டாரையும் உன் மாடுகன்றுகளையும் கர்த்தர் காப்பாராக. நீ செய்ததற்கு நான் மன்னிக்காவிட்டாலும் அவர் மன்னிப்பார்.

இப்படிக்கு,
மானம் போன அண்ணன்,
ஆர்லிஸ் டேக்கெட்

பின்குறிப்பு: உறை ஒட்டுவதற்குள் உன் அண்ணி கடிதத்தைப் படித்துவிட்டாள். “கல்லுல என்னங்க பொய் இருக்கு? கர்னல்னு அவர் பேரைத்தானே போட்டிருக்கு? அவர் ஓட்டினது கோவேறு கழுதை, காது சரியா இருக்கு. வாள்னு நீங்க சுவத்துல மாட்டியிருக்கிறது சோளக்கத்தி, அதுவும் சரியா இருக்கு” என்கிறாள். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. ஆகையால் ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வா, உருளைக்கிழங்கு சாலட் எடுத்து வா, ரெஜிமென்ட் என்று மட்டும் வாயைத் திறக்காதே. சண்டையில் கையை இழந்த மனுஷனின் கொள்ளுப்பேரன் ஹாலிஸுக்கு இந்த வருஷமாவது முதல் தொடையைக் கொடுங்கள் என்கிறாள் லர்லீன். அது மட்டும் நடக்காது. உண்மை கல்லில் இருந்தால் போதும், கோழியில் எதற்கு?